ஹன்டரா, ரோனினா? தினம் 60 கிலோமீட்டர் ஓட்டப்போகும் பென்னாகரம் வாசகிக்கு

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

வயது 28. ஊர் பென்னாகரத்தை ஒட்டிய கிராமம். தருமபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வக வேலை. தினமும் போக வர 60 கிலோமீட்டர். எட்டு வருடமாக ஓட்டிய ஸ்கூட்டர் இனித் தாங்காது. வட்ட விளக்கும் பழைய பாணி டேங்கும் உள்ள வண்டி வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350, டிவிஎஸ் ரோனின் இரண்டில் ஒன்று என்று முடிவாகிவிட்டது. எது என்பதில்தான் வீட்டில் பஞ்சாயத்து.

"225 சிசி மலையேறாது, 350 வாங்கு" என்கிறார் அண்ணன். "ரோனின் நம்ம ஓசூர் கம்பெனி, ஸ்பேர் உடனே கிடைக்கும்" என்கிறார் மாமா. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் அங்கேயே குறைந்த விலையில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். உடன் வேலை செய்பவர் 22,000 கிலோமீட்டர் ஓடிய தன் 2023 ஹன்டரை 1,25,000 ரூபாய்க்குத் தருகிறாராம். அப்பாவுக்கு வண்டியின் கனத்தை நினைத்தே பயம். வாசகியின் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 55 கிலோ. கால் எட்டாவிட்டால் சீட்டை வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். மாதம் இருமுறை அம்மாவை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையில் ஒரு லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன். அண்ணனின் ஸ்ப்ளெண்டரில் கியர் பழகியாகிவிட்டது.

அன்புள்ள சகோதரி,

வண்டியைப் பற்றிப் பேசும் முன் உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். "டூவீலர் லைசென்ஸ் 19 வயதிலேயே எடுத்துவிட்டேன்" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ஸ்கூட்டரில் டெஸ்ட் கொடுத்தவர்களின் அட்டையில் பெரும்பாலும் கியர் இல்லாத இருசக்கர வாகனம் என்றுதான் இருக்கும். எம்சிடபிள்யூஓஜி என்ற எழுத்துகள் அதைக் குறிக்கும். கியர் வண்டிக்கு எம்சிடபிள்யூஜி என்று இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அண்ணனின் ஸ்ப்ளெண்டரைக் கூட நீங்கள் ரோட்டில் ஓட்டியிருக்கக் கூடாது.

பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்பது இதில் சின்ன விஷயம். விபத்து நடந்தால், உரிய வகை லைசென்ஸ் இல்லை என்று சொல்லி உங்கள் வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டை உங்களிடமே திரும்பக் கேட்கவும் கூடும். வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான். ஆகவே அரசின் பரிவாஹன் இணையதளத்தில் கூடுதல் வகை சேர்க்க விண்ணப்பித்து எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், எடுங்கள். அதிலிருந்து 30 நாள் கழித்து டெஸ்ட். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும் என்பதால் அவசரம் வேண்டாம். எட்டுப் போடும் டெஸ்டை 112 கிலோ ஸ்ப்ளெண்டரிலேயே முடித்துவிடுங்கள், புது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அட்டையில் அந்த வகை ஏறிய பிறகு டெலிவரி தேதி குறிக்கலாம்.

அண்ணன் சொல்லும் பவர் கணக்கு

சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு மட்டும். பவரை அளப்பது பிஎஸ் என்ற அலகில். ஹன்டரின் 349 சிசி இன்ஜின் தருவது 20.2 பிஎஸ், ரோனினின் 225.9 சிசி இன்ஜின் தருவது 20.4 பிஎஸ். பவரில் இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணன் சொல்வது முழுக்கத் தப்பும் இல்லை. அவர் மனதில் இருப்பது டார்க், அதாவது இழுவை. ஹன்டரில் அது 4,000 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) 27 நியூட்டன் மீட்டர். ரோனினில் 3,750 ஆர்பிஎம்மில் 19.93. இந்த வித்தியாசம் பெரியது.

எடையையும் சேர்த்துப் பாருங்கள். பெட்ரோல், ஆயிலுடன் அலாய் சக்கர ஹன்டர் 181 கிலோ, ரோனின் 160 கிலோ. நீங்களும் அம்மாவும் சேர்ந்து 115 கிலோ என்று வைத்தால் மொத்தம் 296, 275. இப்படிப் பிரித்தாலும் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் இழுவையில் ஹன்டர் கால் பங்கு முன்னால் நிற்கிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், ஹன்டர் இருக்கிற கியரிலேயே முனகாமல் ஏறும். ரோனினில் ஒரு கியர் குறைக்க வேண்டும். குறைத்தால் அதுவும் ஏறும். ரோனினின் முழு பவர் 7,750 ஆர்பிஎம்மில்தான் வருகிறது, ஹன்டருக்கு 6,100லேயே வந்துவிடும். அதனால் ஒன்று இன்ஜினைச் சுழற்றி வேலை வாங்கும் வண்டி, மற்றொன்று மெதுவாகத் தள்ளும் வண்டி. வத்தல்மலைக்கும் ஒகேனக்கல் மலைப்பாதைக்கும் இரண்டுமே தாராளம். "மலையேறாது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நாற்கரச் சாலையில் 70 முதல் 85 வரை இரண்டும் நிம்மதியாகப் போகும். 90க்கு மேல் ரோனினில் கைப்பிடியிலும் கால்மிதியிலும் அதிர்வு தெரியத் தொடங்கும். இரண்டிலும் ஐந்து கியர்தான். பின்னால் அம்மாவை வைத்துக்கொண்டு நீங்கள் 90ஐத் தாண்டப் போவதில்லை என்று நம்புகிறேன்.

தொப்பூரில் உங்களுக்குச் சோதனை ஏற்றம் இல்லை, சேலம் நோக்கி இறங்குவதுதான். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். கிளட்சைப் பிடித்தபடி உருள விடாதீர்கள், இன்ஜின் தரும் பிடிப்பு போய்விடும், பிரேக் சூடாகும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு என்பதால் இரண்டு பிரேக்கையும் பிடித்தே இறங்கிப் பழகியிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தை விட வேண்டும். இடப்பக்கம் ஸ்கூட்டரில் பின் பிரேக் இருந்த இடத்தில் இனி கிளட்ச் இருக்கும் என்பதும் முதல் சில வாரம் ஆபத்தானது. பதறும் நேரத்தில் கை பழைய வேலையைத்தான் செய்யும். பிரேக் என்று நினைத்துக் கிளட்சை அமுக்கினால் வண்டி நிற்காது, இன்னும் வேகமாக உருளும். இதற்காகவே முதல் மாதம் தனியாக ஓட்டுங்கள்.

கால் எட்டுவதும் வண்டியைத் தள்ளுவதும்

2025இல் மாற்றி வந்த ஹன்டரின் சீட் உயரம் 790 மில்லிமீட்டர், ரோனினுடையது 795. ஐந்து மில்லிமீட்டர் என்பது உங்கள் செருப்பின் தடிமன் வித்தியாசம். காலை எட்ட வைப்பது சீட்டின் முன்பக்க அகலமும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதும்தான். 158 சென்டிமீட்டருக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியாது. பதிய வேண்டியதும் இல்லை. இடது பாதம் முழுதாக ஊன்றி, வலது காலின் முன்பாதி தொட்டால் போதும்.

சீட்டை வெட்டாதீர்கள். 20 மில்லிமீட்டர் ஃபோம் எடுத்தால் கிடைப்பது முக்கால் அங்குலச் சொச்சம்தான். பதிலுக்கு 60 கிலோமீட்டருக்கு முதுகுத்தண்டு கூலி கொடுக்கும். உட்காரும் இடம் தாழ்ந்து கால்மிதி அங்கேயே இருப்பதால் முழங்காலும் கூடுதலாக மடங்கும். ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்குவது இன்னும் மோசம், நம் ஊர் வேகத்தடைகளில் அடி தட்டும்.

அடித்தட்டு உயரத்தில், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியில், ரோனின் தெளிவாக முந்துகிறது. ரோனின் 181 மில்லிமீட்டர், புது ஹன்டர் 160, பழைய ஹன்டர் 150.5. கிராமத்துத் தெருக்களில் ஆளாளுக்குப் போட்ட வேகத்தடைகளைத் தினம் இரண்டு வேளை கடக்கும் உங்களுக்கு இந்த 2 சென்டிமீட்டர் தினமும் தெரியும்.

அப்பாவின் பயத்தில் பாதி நியாயம் உண்டு. பெண் என்பதால் இல்லை. உங்கள் ஸ்கூட்டர் சுமார் 107 கிலோ இருந்திருக்கும். ஓடும்போது கனம் தெரியாது, நிற்கும்போதும் தள்ளும்போதும்தான் தெரியும். கல்லூரி நிறுத்துமிடத்தில் சரிவை நோக்கி முன்சக்கரம் இறங்கி நிற்க, பின்னோக்கி இழுக்க வேண்டிய நிலையை நினைத்துப் பாருங்கள். அங்கே 160க்கும் 181க்கும் உள்ள 21 கிலோ ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதிக்கும் குறைவுதானே என்று கணக்குப் பேசலாம். உங்கள் இடுப்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. டெஸ்ட் ரைடின்போது ஓட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்: சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள், பத்தடி பின்னால் தள்ளுங்கள், சீட்டில் உட்கார்ந்தபடி காலால் உந்தித் திருப்புங்கள், ஒரு சந்தில் கால் ஊன்றாமல் யு டர்ன் எடுங்கள். ஷோரூம் வாசலின் வழுவழுப்பான தரையில் வேண்டாம், மண் தரைக்குக் கொண்டுபோங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இரண்டிலும் கிக்கர் கிடையாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பேட்டரி இறங்கினால் செல்ஃப் எடுக்காது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் பெட்ரோல் பம்பை ஓட்டும் அளவுக்காவது மின்சாரம் மிச்சம் இருக்க வேண்டும். தினம் ஓட்டும் உங்களுக்கு இது தொல்லையாகாது. கோடை விடுமுறையில் ஒரு மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் வாரம் ஒருமுறை ஒரு சுற்று ஓட்டி வையுங்கள்.

அம்மா பின்னால் உட்காரும்போது

அம்மா சேலையில் ஒருபக்கமாகத்தான் உட்காருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ரக வண்டிகளில் பின்சீட் குட்டை, அழகுக்காகச் செய்தது. ஒருபக்கமாக உட்காரும்போது எடை இடப்பக்கம் சாயும். புறப்படும்போதும் நிற்கும்போதும் நீங்கள்தான் அதைச் சமன் செய்ய வேண்டும், கனமான வண்டியில் அது இருமடங்கு வேலை. சேலை கார்டு, பின்னால் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, ஒருபக்கமாக உட்காருபவர் பாதம் வைக்கும் பலகை மூன்றும் வண்டியில் பொருத்தப்பட்ட பிறகுதான் டெலிவரி எடுக்க வேண்டும். அழகு கெடும் என்று ஷோரூமிலேயே சேலை கார்டைக் கழற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. முந்தானை சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்சக்கரத்தில் பாதியளவாவது மறைப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதியும்கூட.

சுடிதாருக்கு மாறி இருபக்கமும் கால் போட்டு உட்கார அம்மா சம்மதித்தால் நல்லது. இல்லையென்றால் என் கருத்து இது: பென்னாகரத்திலிருந்து தருமபுரி வரை வண்டியில் வாருங்கள், அங்கே வண்டியை விட்டுவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறுங்கள். பஸ்ஸுக்குப் பஞ்சமில்லாத தடம் அது. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே ஒருபக்கமாக உட்கார்ந்த பயணியோடு போவதற்கு எந்த வண்டியும் ஏற்றதில்லை. மாதம் இரண்டு நாள் பயணத்தை வைத்து மீதி 25 நாள் வண்டியைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது.

எந்த வகை, என்ன செலவு

அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுப்பது ஏபிஎஸ். இரண்டு நிறுவனங்களுமே குறைந்த விலை வகையில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை விட்டுவிடுகின்றன. ஹன்டரின் அடிப்படை வகையில் பின்னால் டிரம் பிரேக், கம்பிச் சக்கரம், டியூப் டயர். டியூப் டயரில் ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கும், சக்கரத்தைக் கழற்றித்தான் பஞ்சர் ஒட்ட முடியும். இருட்டிய பிறகு பென்னாகரம் சாலையில் அது வேண்டாத வேலை. எந்த வண்டி எடுத்தாலும் அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர், இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள வகையை எடுங்கள். கலருக்கும் ப்ளூடூத்துக்கும் கூடுதல் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. இரண்டுமே அந்த வரம்புக்குள் வருகின்றன. ஷோரூம் விலை ஒன்றரை லட்சம் என்று வைத்தால், தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கான ஆயுள் வரி 12 சதவீதம், சுமார் 18,000 ரூபாய். ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 150 முதல் 350 சிசி வரை ஒரே கட்டணம்: 7,365 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும். ஆக 225க்கு இன்சூரன்ஸ் குறையும் என்ற எதிர்பார்ப்பு வேண்டாம். சொந்தச் சேதக் காப்பீட்டை ஷோரூம் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே ஒரு விலை வாங்கிக் காட்டினால் அவர்களே இறங்கி வருவார்கள். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று தனியாக ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேட்டு நீக்கச் சொல்லுங்கள்.

பெட்ரோலில் ஹன்டர் லிட்டருக்கு 35, ரோனின் 40 தரும் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு 43 லிட்டரும் 37.5 லிட்டரும். லிட்டர் 100 ரூபாய்க்கு மாதம் 550 ரூபாய் வித்தியாசம். வருடத்துக்கு ஒரு பின் டயர் விலைக்கு மேலேயே மிஞ்சும். வருடம் 18,000 கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு அந்த டயர் ஏறக்குறைய வருடம் ஒன்று தேவைப்படும்.

கடனில் ஒரு எச்சரிக்கை. ஷோரூமில் "10 சதவீதம்தான்" என்பார்கள், அது ஃப்ளாட் வட்டி, அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி. 80,000 ரூபாய்க்கு மூன்று வருடத்தில் 24,000 வட்டி, மாதத் தவணை சுமார் 2,890. அசல் குறையக் குறைய வட்டி குறையும் வங்கிக் கணக்கில் இது ஏறக்குறைய 18 சதவீதம். உங்கள் சம்பளக் கணக்குள்ள வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ முதலில் கேளுங்கள்.

பெங்களூரு, பழைய வண்டி, ஓசூர் ஸ்பேர்

சித்தப்பா மகனின் யோசனையை விட்டுவிடுங்கள். கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு வரியே 18 சதவீதம். அங்கே பதிவு செய்து இங்கே ஓட்டினால், 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும்போது தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், இங்கும் வரி கட்ட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மாநிலத்துக்குள் எங்கு மலிவோ அங்கே வாங்குங்கள். எண் டிஎன் 29ஆ, 24ஆ, 70ஆ என்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

நண்பரின் 2023 ஹன்டர் 1,25,000 ரூபாய்க்கு வேண்டாம். அது வரி குறைவதற்கு முந்தைய காலத்து விலை நினைப்பு. அந்த மாடலில் பின் சஸ்பென்ஷன் கடினம், கிளட்ச் கனம், அடித்தட்டு தாழ்வு. இம்மூன்றையும்தான் 2025இல் திருத்தினார்கள். ஹன்டரின் வாரண்டி மூன்று வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. 22,000 ஓடிய வண்டியில் உங்களுக்கு ஆறு மாதம்கூட மிஞ்சாது. புது ஹன்டரே எடுத்தாலும் உங்கள் ஓட்டத்துக்கு 20 மாதத்தில் 30,000 தாண்டிவிடும். ஆகவே கூடுதல் வாரண்டிக்கு எவ்வளவு, அதற்குக் கிலோமீட்டர் வரம்பு என்ன என்று இரண்டு கடையிலும் எழுத்தில் வாங்குங்கள்.

மாமாவுக்கு ஒரு பதில்: டிவிஎஸ் ஓசூரில் இருக்கிறது, ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கிறது. இரண்டும் தமிழ்நாட்டு வண்டிகள்தான். ஸ்பேர் வருவது தொழிற்சாலைக் கதவிலிருந்து இல்லை, டீலர் என்ன இருப்பு வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்குப் போய், கிளட்ச் கேபிள், முன் பிரேக் பேட், ஏர் ஃபில்டர், பக்கக் கண்ணாடி நான்கும் இன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு கடையிலும் இதே கேள்வி. பதில் அங்கேயே தெரிந்துவிடும்.

என் தேர்வு

உங்கள் உயரம், எடை, தினசரி ஓட்டம், ஊர்ச் சாலை, ஸ்கூட்டரிலிருந்து மாறுவது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரட்டை ஏபிஎஸ் உள்ள ரோனின். அந்த 21 கிலோவும் அடித்தட்டு உயரமும்தான் காரணம், மைலேஜ் பிறகு. டெஸ்ட் ரைடில் ஹன்டரைப் பின்னால் தள்ளுவது உங்களுக்குச் சிரமமாக இல்லை, அதன் நிதானமான இழுவை மனதுக்குப் பிடித்துவிட்டது என்றால் ஹன்டரே எடுங்கள். அதுவும் தப்பான வண்டி இல்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே செருப்போடு ஓட்டிப் பாருங்கள். ஒரு வார இடைவெளி விட்டால் ஒப்பிட முடியாது.

டெலிவரி நாளில் பகல் வெளிச்சத்தில் வாங்குங்கள். இன்வாய்ஸிலும் படிவம் 21 (விற்பனைச் சான்று), 22 (சாலைத் தகுதிச் சான்று) ஆகியவற்றிலும் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண் வண்டியோடு பொருந்துகிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும். ஒரு வருடத்துக்கு மேல் பழையதென்றால் வண்டி நெடுநாள் ஷெட்டில் கிடந்திருக்கலாம். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, டேங்க் ஓரத்தில் கீறல், சேலை கார்டு, இரண்டாவது சாவி, ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட் இத்தனையும் பார்த்த பிறகு கையெழுத்து.

முதல் 1,000 கிலோமீட்டர் த்ராட்டிலை முழுதாகத் திருகாதீர்கள், நீண்ட நேரம் ஒரே வேகத்திலும் போகாதீர்கள். 500 கிலோமீட்டர் என்பது உங்களுக்கு எட்டே வேலை நாளில் வந்துவிடும், முதல் சர்வீஸ் தேதியை வண்டி எடுக்கும் அன்றே குறித்துவிடுங்கள். தவறினால் வாரண்டி பேசும்போது அதையே காரணம் காட்டுவார்கள். அதன் பிறகு செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதாவது பத்து நாளுக்கு ஒருமுறை, துடைத்து லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்) அடிக்க வேண்டும். ஸ்கூட்டரில் இந்த வேலையே இல்லாததால் மறப்பது சகஜம். ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் விட்டுவிடுங்கள்.